முயல்கள் சுட்ட வேட்டைக்காரன்

ஒக்ஸன்ரீட்,
1524, தூய மிக்கேல் திருநாளுக்கு மறுநாள்.

நியூரம்பெர்க் நகரில் சௌகரியமாக வாழ்கிற என் கணவர் லீன்ஹார்ட் அவர்களுக்கு, உங்கள் மனைவி அப்பொலோனியா எழுதிக்கொள்வது. இங்கே நான் உயிரோடிருக்கிறேன். அங்கே உங்கள் சுகத்தை விசாரிக்கவேண்டிய அவசியமில்லை. நேற்றுச் சந்தையில் அதைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

பாட்டுத்தாளும் படத்தாளும் விற்கிற குனிகுண்ட்தான் கொண்டுவந்தாள். கூடையை இறக்கிப் புதுத் தாள்களைக் கயிற்றில் மாட்டினாள். முதல் தாளைச் சுற்றி ஒரே சிரிப்பு. நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் புருஷனுடைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு கட்டையை ஓங்கி நிற்கிறாள். புருஷன் மண்டியிட்டுப் பிள்ளைத்துணி துவைக்கிறான். பின்னால் ஓடில்லாத ஒரு வீடு. பெண்ணுக்கு முன்பல் ஒன்று இல்லை. மூக்கு என்னுடையது. தாளின் மூலையில் கத்தியும் இலையும், அச்சுப்பலகை செதுக்குகிற நம் கடையின் முத்திரை.

கசாப்புக்காரன் மனைவி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “அடியே, இது நீதானே? எங்க, பல்லைக் காட்டு, ஒத்துப் பாத்துருவோம்!” காட்டினேன். வேறு என்ன செய்வது? சந்தை முழுக்கக் கைதட்டினார்கள்.

நமக்குப் பிள்ளையே இல்லை. யாருடைய துணியைத் துவைக்கிறீர்கள், புண்ணியவானே?

அந்தப் பல் எப்படிப் போயிற்று என்பதைப் படத்தில் காணோம். நினைவில்லாவிட்டால் சொல்கிறேன். தவக்காலத்துக்கு முந்தின கூத்துநாள். அன்றுதான் என் பெயர்கொண்ட புனிதையின் திருநாளும். பல்வலிக்காரர்கள் எல்லோரும் அவளுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற நாளில் நீங்கள் பீர்க்குவளையால் என் வாயில் அடித்தீர்கள். பதினோரு வருஷம் வாங்கிக்கொண்டவள் அன்றைக்கு மட்டும் மேசையிலிருந்த மரச்சுத்தியை, அந்தக் கொட்டாப்புளியை எடுத்தேன். முதுகில் மூன்று, தோளில் ஒன்று. நீங்கள் தெருவில் விழுந்து கத்தியிருக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஊரே ஏணியோடு வந்தது. “பொண்டாட்டிகிட்ட அடி வாங்குனவன் வீட்டுக்கு ஓடு எதுக்குடா?” என்று பாடிக்கொண்டே கூரையைப் பிரித்தார்கள். வழக்கமாம். நீங்கள் என்னை அடித்த பதினோரு வருஷமும் ஒரு ஓடுகூட அசையவில்லை.

மூன்றாம் நாள் நீங்கள் கிளம்பிப் போய்விட்டீர்கள். நான் மீதிக் குளிர்காலம் முழுக்க மாட்டுத்தோலைக் கட்டி அதன் அடியில் கிடந்தேன். செதுக்குமேசைமேல் பனி விழுந்து உறைந்தது. பாதிக் கூரைக்கு இப்போதுதான் ஓடு வந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்தப் பெண்ணின் கைகளைப் பாருங்கள். விரலா அவை, புகைபோட்ட பன்றிக்குடலா? கடை முத்திரைக்கு மேலே அப்படி ஒரு கை இதுவரை வந்ததில்லை. ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினோரு வருஷம் உங்கள் முத்திரைக்கு அடியில் கையும் முகமும் மயிரும் செதுக்கியவள் இங்கே இருக்கிறாள்.

இப்படிக்கு,
பல்லில்லாத உங்கள் மனைவி,
அப்பொலோனியா.


நியூரம்பெர்க்,
1524, தூய மார்ட்டின் திருநாள்.

அப்பொலோனியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லவேளை, குனிகுண்ட் என் கையிலேயே கொடுத்தாள். இங்கே யாராவது படித்திருந்தால் என் பிழைப்பு போயிருக்கும்.

அந்தப் படத்தை நான் கேட்டு வாங்கவில்லை. அச்சக முதலாளி எண்ட்ரெஸ் ஒருநாள் குடிக்க வாங்கிக் கொடுத்து, ஊரைவிட்டு ஏன் வந்தாய் என்று கேட்டார். உளறிவிட்டேன். மறுநாள் காலையில் ஓவியரை விட்டு வரையச் சொல்லிவிட்டார். மூக்கை நான்தான் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். என்னை மட்டும் யார் விட்டுவைத்தார்கள்? அச்சகத்தில் எனக்குப் பெயரே ‘கொட்டாப்புளி’தான். “கொட்டாப்புளி, மையை எடு.” “கொட்டாப்புளி, முதுகு எப்படி இருக்கு?” மழை வந்தால் தோள் இன்னும் வலிக்கிறது. உன் கை லேசான கை இல்லை.

நீ சொன்ன விரல் விஷயம் உண்மைதான். இங்கேயும் சொன்னார்கள்.

தலைகீழ் உலகம் என்று வரிசையாகப் படம் போடுகிறார் எண்ட்ரெஸ். ஜனங்கள் பறந்து பறந்து வாங்குகிறார்கள். எருது கசாப்புக்காரனைத் தொங்கவிட்டு அறுக்கிறது. கழுதை மூட்டையை மனிதன் முதுகில் ஏற்றிச் சவுக்கால் அடிக்கிறது. ஆடு இடையனுக்கு மயிர் கத்தரிக்கிறது. இதெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். அடுத்தது முயல்கள். வேட்டைக்காரனைப் பிடித்துக் கம்பியில் கோத்துச் சுடுகின்றன. நாற்பது முயல். நாற்பதுக்கும் மயிர். பலகையைப் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். என்னால் முடியாது.

பேரிமரப் பலகையைக் குனிகுண்டின் கூடைக்கடியில் வைத்து அனுப்புகிறேன். ஓவியர் வரைந்துவிட்டார், வேட்டைக்காரன் முகம் மட்டும் இன்னும் சரியாக இல்லை. நீ பார்த்துக்கொள். என் முத்திரையைப் போடு. பெண் செதுக்கியது என்று தெரிந்தால் கைவினையாளர் சங்கம் பலகையை உடைத்து அடுப்பில் போட்டுவிடும்.

உனக்கு இஷ்டமில்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடு.

லீன்ஹார்ட்.


ஒக்ஸன்ரீட்,
1525, மூவரசர் திருநாள்.

அன்புள்ள என் கணவருக்கு,

அன்புள்ள என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் தாள் வீணாகும், இருக்கட்டும்.

பலகையைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். மேசைமேல் வைத்ததும் கை கேட்கவில்லை. இத்தனை நல்ல பேரிமரம் இந்த ஊரில் எங்கே கிடைக்கும்? ஒருநாளைக்கு ஒரு முயல் என்று செதுக்கினேன். இடுப்பில் துணி கட்டிக்கொண்டு கம்பியைச் சுற்றுகிற முயல், உப்புப் போடுகிற முயல், வேட்டைநாயைக் குண்டானில் வேகவைத்துக் கரண்டியால் அமுக்குகிற முயல். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். உங்கள் ஓவியர் வேட்டைக்காரனுக்கு முட்டைக்குக் கண் வைத்தமாதிரி ஒரு முகம் போட்டிருந்தார். அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் கோட்டை மணி அடித்தது. வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று உத்தரவு. போனேன். முற்றத்தில் நம் உட்ஸைக் கட்டிவைத்திருந்தார்கள். கிழக்குத் தெரு உட்ஸ்தான், உங்களோடு தோளில் கைபோட்டுக் குடிக்கிறவன். அவன் முட்டைக்கோஸ் பாத்தியை முயல் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. கண்ணி வைத்துப் பிடித்துவிட்டான். பிரபு கங்கோல்ஃபின் முயல் அல்லவா? காட்டில் இருந்தாலும் அவருடையது, நம் பாத்தியில் மேய்ந்தாலும் அவருடையது.

பிரபு குதிரையிலிருந்து இறங்கவேயில்லை. “முயலை எந்தக் கண்ணால பாத்த?” என்று கேட்டார்.

உட்ஸுக்குக் கேள்வி விளங்கவில்லை. “ரெண்டாலயும்தான் சாமி” என்றான்.

“அப்ப ரெண்டையும் எடுங்க.”

எடுத்தார்கள். கரண்டியால். அவன் மனைவியை நான்தான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கையைக் கடித்துவிட்டாள், தழும்பு இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களைக் காவல்காரர்கள் தலையைப் பிடித்து முன்னால் திருப்பினார்கள். பிரபு அந்த முயலை வாங்கித் தன் நாய்க்குப் போட்டார்.

நேரே வீட்டுக்கு வந்து முகத்தைச் செதுக்கினேன். கங்கோல்ஃபின் இடக் கன்னத்தில் காட்டுப்பன்றி கிழித்த வடு காதிலிருந்து உதடுவரை ஓடுமே, அதைப் பலகையில் வலக் கன்னத்தில் வெட்டியிருக்கிறேன். அச்சில் பக்கம் மாறிச் சரியாக இடக் கன்னத்தில் விழும். பார்த்தவுடன் பத்து ஊருக்குத் தெரியும்.

பயமாக இருந்தால் முகத்தைச் சுரண்டிவிடுங்கள். உங்கள் முத்திரைதான் அதன்மேல் இருக்கிறது.

அப்பொலோனியா.


நியூரம்பெர்க்,
1525, தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு.

அப்பொலோனியா,

உனக்குப் பைத்தியமா? பலகையைத் துணியிலிருந்து பிரித்ததும் பதறித் திரும்பவும் சுற்றிவிட்டேன். அந்த மனிதன் காதுக்கு இது போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா?

சுரண்டத்தான் கத்தியை எடுத்தேன். அதற்குள் பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். “டேய், இங்க வாங்கடா! கொட்டாப்புளி என்ன பண்ணியிருக்கான் பாருங்கடா!” எல்லோரும் ஓடிவந்தார்கள். எண்ட்ரெஸ் முதலாளி முயல் மயிரை விரலால் தடவிப் பார்த்தார். “இது நிஜமாவே நீ செஞ்சதா?” என்றார். நான்தான் என்று சொன்னேன். வாய் தானாகவே சொல்லிவிட்டது, பதினோரு வருஷப் பழக்கம். அன்று சாயங்காலம் எல்லோரும் எனக்குப் பீர் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு குவளைகூட இறங்கவில்லை. உன் கடிதத்தில் படித்த உட்ஸ் என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது போலிருந்தது.

நான் முகத்தைச் சுரண்டவில்லை.

இப்போது தாள் போடப் போட ஓடுகிறது. டவ்பர் ஆற்றுப் பக்கத்துக் குடியானவர்கள் கூடைகூடையாக வாங்கிப் போகிறார்கள். அங்கே பிரபுக்களை எதிர்த்துக் கூட்டம் சேர்கிறதாம், கொடி தைக்கிறார்களாம். குனிகுண்ட் சொல்வாள்.

சாம்பல் புதனிலிருந்து நான் குடிக்கவில்லை. நம்பமாட்டாய், எனக்கே சரியாக நம்பிக்கையில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். படித்தால் பொய்போல இருந்தது, கிழித்துவிட்டேன். நீ பட்ட அடி எத்தனை என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எண்ணமுடியவில்லை. நீ கொடுத்தது நாலு, அதை எண்ணமுடிகிறது.

உயிர்த்த ஞாயிறு கழித்து வரட்டுமா? மீதிக் கூரைக்கு ஓடு போட ஆள் வேண்டுமே. வராதே என்றால் வரவில்லை.

லீன்ஹார்ட்.


ஒக்ஸன்ரீட்,
1525, உயிர்த்த ஞாயிறு முடிந்து பத்தாம் நாள்.

லீன்ஹார்ட்,

வராதீர்கள். இதைப் படித்ததும் அங்கிருந்தும் கிளம்பி எங்காவது தொலைதூரம் போய்விடுங்கள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் டவ்பர் கூட்டம் இங்கே வந்தது. அரிவாள், கதிரடிக்கும் தடி, இரண்டு பீரங்கி. முன்னால் ஒரு கழி. கழியில் ஆணியடித்து நம் முயல் தாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெருமையில்தான், மறைக்கவில்லை. என் முயல்கள் ஒரு படைக்கு முன்னால் போகின்றன. நானும் பின்னாலேயே ஓடினேன். ஊரில் பாதிப்பேர் ஓடினோம். கோட்டைக் கதவைச் சமையல்காரனே திறந்துவிட்டான்.

முதலில் எல்லாம் கூத்துநாள் போலத்தான் இருந்தது. பிரபுவின் மனைவியைச் சாணி வண்டியில் ஏற்றி உட்காரவைத்தார்கள். பாதிரியாரின் அங்கியைப் பன்றி மேய்க்கிறவன் போட்டுக்கொண்டு ஆசீர்வாதம் செய்தான். பிரபுவின் இடுப்பில் சமையல்துணியைக் கட்டி, பெரிய மண்டபத்தில் எங்களுக்குப் பரிமாறச் சொன்னார்கள். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். “இன்னும் கொஞ்சம் மது ஊத்துடா கங்கோல்ஃப்!” என்று நானே கத்தினேன். அவர் ஊற்றும்போது என் பாவாடையில் கொட்டிவிட்டார். நான் எழுந்து கன்னத்தில் அறைந்தேன். இடக் கன்னத்தில், அந்த வடுவின்மேல். எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். அப்படி ஒரு சுகம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. நீங்கள் என்னை அடித்தபோது உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?

பிறகு ஒருவன் கழியிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் விரித்தான். “இதுல எப்படி இருக்கோ அப்படியே செய்வோம்டா.”

மான் சுடுகிற அடுப்பு அந்தச் சமையலறையில் உண்டு, உங்களுக்குத் தெரியும். கம்பி உடம்பில் ஏறவில்லை, ஆகவே கம்பியோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டினார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் தாளைப் பார்த்துக்கொண்டார்கள். கால் எங்கே, கை எங்கே என்று. நான் செதுக்கின கட்டு அது, லீன்ஹார்ட். உட்ஸை அழைத்துவந்து அவன் கையில் பிடியைக் கொடுத்தார்கள். “சுத்து உட்ஸு, உன் முயலுக்காகச் சுத்து.” அவன் சுற்றினான். அவனுக்குக் கண் தெரியாது. சத்தத்தை வைத்துச் சுற்றினான். சத்தம் குறைந்தால் நிறுத்தினான், திரும்ப வந்தால் சுற்றினான்.

போதும் என்று நான் கத்தினேன். எப்போது கத்தினேன் என்றும் உண்மையாகச் சொல்கிறேன். முதல் இரண்டு சுற்றுக்குச் சிரித்தேன். மூன்றாவது சுற்றில் நாற்றம் வந்தது. அதற்கப்புறம்தான் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. தாளில் நாற்றம் இல்லை, பாருங்கள். நாற்பது நாள் செதுக்கியும் எனக்கு அது தோன்றவேயில்லை.

இப்போது கங்கோல்ஃபின் தம்பி சிக்மண்ட் கூலிப்படை சேர்த்துக்கொண்டு வருகிறான். தாள் அவனிடமும் இருக்கிறதாம். படத்தைச் செதுக்கியவனை அதே படம் போலச் சுடுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறானாம். மூலையில் இருப்பது கத்தியும் இலையும், உங்கள் முத்திரை. செதுக்கியது நான், தேடுவது உங்களை.

போய்விடுங்கள். ஓடு நானே போட்டுக்கொள்வேன்.

அப்பொலோனியா.


சிக்மண்டின் கோபுரச் சிறை,
1525, திருவுடல் திருநாளுக்கு முந்தின நாள்.

அப்பொலோனியாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இடக் கையால் எழுதுகிறேன். காவல்காரர்களுக்கு ஜெபத்தாள் விற்க வருகிற சாக்கில் குனிகுண்ட் இதை வாங்கிக்கொள்வாள். படித்ததும் எரித்துவிடு. நீ எரிக்கமாட்டாய், எதையும் சேர்த்துவைக்கிறவள், ஆனாலும் சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்ததும் ஓடத்தான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். முத்திரையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முதலில் நம் கடைக்குத்தான் வருவார்கள். மேசைமேல் உன் கத்திகள் இருக்கும், பாதி செதுக்கிய பலகை இருக்கும். உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று வந்தேன். ஊர்ப் பாலத்தில் பிடித்துவிட்டார்கள். கத்திப் பிடியில் முத்திரை சுட்டிருந்ததே, அது போதுமாயிருந்தது.

நான்தான் செதுக்கினேன் என்று கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன். கதை அதோடு முடிந்திருக்கவேண்டும். சிக்மண்ட் முட்டாள் இல்லை. என் மூட்டையில் அந்தக் கால்சட்டைப் படமும் இருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். “இந்தப் பொம்பளையோட விரலு உலக்கை மாதிரி இருக்கு. இந்த முயலுக்கு மயிரை எண்ணிடலாம். ரெண்டும் ஒரே கையாடா?”

“ஒரே கைதான் ஐயா.”

“உன் கடையில வேற யாரு கத்தி பிடிக்கிறது?”

“யாருமில்ல. பொண்டாட்டி மை அரைப்பா, அவ்வளவுதான்.”

“உன்னை அடிச்சாளே, அவளா?” எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஒரு பலகையும் என் கத்தியும் கொண்டுவரச் சொன்னான். “உக்காரு. ஒரே ஒரு முயல் செதுக்கிக் காட்டு. இல்லைன்னா அவளைக் கூட்டிட்டு வந்து செதுக்கச் சொல்றேன்.”

எனக்கு முயல் வராது. காது வரைக்கும் வரும், மயிர் வராது. உனக்குத் தெரியாததா?

கத்தியை வாங்கினேன். வலக் கையை மேசைமேல் விரித்தேன். உள்ளங்கை நடுவில் இறக்கி விரல்களை நோக்கி இழுத்தேன். நரம்பு அறுகிற சத்தம் கேட்டது. “வழுக்கிருச்சு ஐயா” என்றேன். அதற்கப்புறம் நினைவில்லை. விழித்தபோது கையில் துணி சுற்றியிருந்தது. மூன்று விரல் இனி மடங்காது. அந்தக் கையை வைத்து யாரும் எதையும் சோதிக்கமுடியாது.

அவனுக்குச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. உன்னிடம் தன் எழுத்தரின் ஆளை அனுப்புகிறான். செதுக்கியது யார் என்று சத்தியம் வைத்துப் பதில் கேட்பார்கள். அதை எனக்கு முன்னால் வாசிப்பார்கள். புருஷன்தான் என்று சொல். உனக்குக் கத்தி பிடிக்கவே தெரியாது, எழுதப் படிக்கத் தெரியாது என்றும் சொல். கடிதம் எழுதுகிறவளுக்குச் செதுக்கவும் தெரியும் என்று நினைத்துவிடுவான். வேறொருவரை எழுதச் சொல்லி நீ கைநாட்டு வை.

நீ வந்து உண்மையைச் சொன்னாலும் என்னை விடமாட்டான். முத்திரை என்னுடையது. இரண்டு பேரையும் கட்டுவான், ஒருவர் போதும். இதில் பெரிய மனசு எதுவும் இல்லை, அப்பொலோனியா. உன் வேலையை என் வேலை என்று சொல்லிப் பதினோரு வருஷம் பீர் வாங்கிக் குடித்தேன். அந்தப் பொய்யை இன்னும் ஒரே ஒரு தடவை சொல்கிறேன்.

முயல்கள் நன்றாக இருந்தன. உன்னிடம் நான் அதைச் சொன்னதேயில்லை.

லீன்ஹார்ட்.


ஒக்ஸன்ரீட்,
1525, திருவுடல் திருநாள் முடிந்து மூன்றாம் நாள்.

லீன்ஹார்ட்,

குனிகுண்ட் வாசலில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் எழுத்தரின் ஆள் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் எழுதவேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது கண்ணீர் இல்லை, கோபம். என் வேலையைத் திருடினீர்கள், சரி. அதற்கு வருகிற தண்டனையையும் திருடுவீர்களா? யாரைக் கேட்டு? நேற்றுக் காலையில் என் கத்திகளையும் ஒரு பலகையையும் துணியில் முடிந்துகொண்டு கிளம்பினேன். சிக்மண்டின் மேசைமேல் பலகையை வைத்து அவன் கண் முன்னாலேயே ஒரு முயல் செதுக்கி, கீழே என் பெயரைப் போட்டுவிடுவது என்று. முழுப்பெயர். ஒரே ஒரு தடவையாவது.

மாதாகோயில் மேட்டுக்கு அந்தப்பக்கம் தேன்போல் மணக்கிற அந்தப் பெரிய லிண்டன் மரம் இருக்கிறதே, அங்கே கூட்டம். சிக்மண்டின் ஆட்கள் உட்ஸைச் சங்கிலியில் பூட்டி மரத்தோடு கட்டியிருந்தார்கள். மரத்தைச் சுற்றி வட்டமாக விறகு, விறகில் நெருப்பு. சங்கிலி நீளமானது. அவன் நகரமுடிந்தது. கண் தெரிகிறவனாக இருந்தால் மரத்தை ஒட்டி நின்றிருப்பான். இவன் சூட்டிலிருந்து விலகுவதாக நினைத்து மறுபக்கத்து நெருப்புக்குள்ளேயே போனான். அங்கிருந்து திரும்பி இன்னொரு பக்கம். குதிரைக்காரர்கள், “இந்தப் பக்கம் வா உட்ஸு, இங்க நெருப்பு இல்ல” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏமாற்றினார்கள். அவனும் ஒவ்வொரு தடவையும் நம்பினான்.

நான் துணிமுடிச்சை ஓடைக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

நீங்கள் சொன்னதற்காகத் திரும்பவில்லை. உங்கள்மேல் இரங்கியும் திரும்பவில்லை. பயந்துவிட்டேன். மேட்டிலிருந்து வாசல்வரை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். பிரபுவை அறைந்தவள், உங்களை அடித்தவள், ஊர் முழுக்கப் பேசின கை, இன்றைக்குக் கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்கிறது. சாகிற மனிதனிடம் பொய் சொல்லக்கூடாது என்று இதை எழுதுகிறேன். நீங்கள் செய்ததை நான் பெருமையாக ஏற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பதினோரு வருஷத்தை நான் மன்னிக்கவில்லை. அதற்கு உங்கள் கை போதாது, என் கையும் சேர்ந்தாலும் போதாது. ஆனால் நீங்கள் உயிரோடு திரும்பி வந்தால் கதவைத் திறப்பேன். இது ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. வாருங்கள் என்று இன்னும் முன்னாலேயே எழுதியிருக்கலாம். தவக்காலத்திலேயே கேட்டீர்கள். பதில் எழுதாமல் ஐந்து வாரம் உங்களைக் காத்திருக்க வைத்தேன், கொஞ்சம் தவிக்கட்டும் என்று.

இப்போது குனிகுண்டை உள்ளே கூப்பிட்டு மற்றதை எழுதச் சொல்கிறேன். அதை வாசிக்கும்போது முகத்தை மாற்றாதீர்கள்.

உங்கள் மனைவி,
அப்பொலோனியா.


மேன்மைதங்கிய பிரபு சிக்மண்ட் அவர்களின் நீதிசபைக்கு,

செதுக்குக்காரர் லீன்ஹார்டின் மனைவி அப்பொலோனியா, நான்கு சுவிசேஷங்கள்மேல் கைவைத்துச் சொல்லும் வாக்குமூலம்.

முயல்கள் வேட்டைக்காரரைச் சுடுகிற படத்தைச் செதுக்கியது என் கணவர். அவர் முத்திரை போட்ட எல்லாப் படத்தையும் அவரேதான் செதுக்கினார். வேறு யாரும் கை வைத்ததில்லை. விரல்களைச் சிலநாள் நன்றாகச் செய்வார், குடித்திருந்தால் மோசமாகச் செய்வார். நான் மை அரைப்பேன், தாள் உலர்த்துவேன், கடையைப் பெருக்குவேன். கத்தி பிடிக்கத் தெரியாது. பெண்ணுக்கு அது வராது.

அவரை ஒருமுறை அடித்தது உண்மை. அதற்கு ஊர் தண்டனை கொடுத்துவிட்டது. என் கணவர்மேல் இரக்கம் காட்டும்படி பிரபுவின் காலில் விழுந்து கேட்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியவள்: பாட்டுத்தாள் விற்கும் குனிகுண்ட்.

எழுதப் படிக்கத் தெரியாத அப்பொலோனியாவின் கைநாட்டு:

✕